கடலுக்குக் காலம் அளித்த தச்சர்: ஜான் ஹாரிஸன்

நம் மணிக்கட்டில் அணியும் கடிகாரம் இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எளிய பொருளாகிவிட்டது. அதன் பின்மூடியைத் திறந்து பார்ப்பின், உள்ளே இருவகைப் பொறிகளுள் ஒன்று காணப்படும். சுருள்வில்லின் வலியால் பற்சக்கரங்கள் சுழலும் பொறி ஒரு வகை. சிறு மின்கலமும் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லும் கூடி இயங்கும் பொறி மற்றொரு வகை. தோற்றத்தால் இவை இரண்டும் பெரிதும் வேறுபடினும், இரண்டிற்கும் அடிப்படையாய் நிற்கும் கருத்துகள் இரண்டே. விரைந்து துடிக்கும் பொறி புறத்தே நிகழும் அசைவுக்கு எளிதில் நிலைகுலையாது என்பது ஒன்று. வெப்பத்தால் விளையும் பிழையை, அதற்கு எதிராக விளையும் வேறொரு பிழையைக்கொண்டே ஈடுசெய்யலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தம் கையால் இயற்றிக் கடலலைகளின்மீதே மெய்ப்பித்துக் காட்டியவர், உயர்கலைக்கழகம் எதன் வாயிலையும் மிதித்தறியாத ஓர் ஆங்கிலத் தச்சர். ஜான் ஹாரிஸன் என்பது அவர் பெயர். அவருடைய வாழ்க்கை உழைப்பின் பெருமையையும், கற்றார் அவையில் கைத்தொழிலாளன் நீதி பெறுதற்குப் பட்ட பாட்டையும் ஒருங்கே உணர்த்துவதாகும்.

இளமை

ஹாரிஸன் 1693-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24-ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் நாட்டில் ஃபௌல்பி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஹென்றி ஹாரிஸன் தச்சுத்தொழில் செய்தவர். மகன் சிறுவனாயிருக்கும்போதே அக்குடும்பம் லிங்கன்‌ஷயரைச் சேர்ந்த பாரோ என்னும் ஊரிற் குடியேறிற்று. ஆறு வயதில் அம்மை நோயுற்றுப் படுக்கையிற் கிடந்த சிறுவனுக்குப் பொழுதுபோக்காகக் கடிகாரம் ஒன்றைக் கொடுத்தனர் என்றும், அவன் அதனைக் காதருகே வைத்துக்கொண்டு அதன் ஓசையைக் கேட்டு மகிழ்ந்தான் என்றும் ஒரு செவிவழிக் கதை உண்டு. அதன் உண்மை எவ்வாறாயினும், மரத்தையும் ஓசையையும் அவர் இளமையிலேயே நன்கு பழகினார் என்பதில் ஐயமில்லை. தந்தையாரிடம் தச்சுவேலை கற்றார். ஊர்க் கோயிலின் மணிகளுக்குச் சுருதி கூட்டினார். அங்குப் பாடுவோர்க்கு இசையும் பயிற்றினார்.

ஏறக்குறைய 1712-இல் அவ்வூர்ப் பக்கம் வந்த குருவானவர் ஒருவர், கேம்பிரிட்ஜில் கணிதம் பயிற்றிய நிக்கொலஸ் ஸாண்டர்ஸனின் இயற்கை விஞ்ஞானச் சொற்பொழிவுகள் அடங்கிய கையெழுத்துப் பிரதியொன்றை இவ்விளைஞருக்கு இரவலாகக் கொடுத்தார். நூல் விலைகொடுத்து வாங்க வசதியில்லாத ஹாரிஸன் அதனைச் சொல்லுக்குச் சொல், படத்திற்குப் படம் தம் கையால் எழுதிக்கொண்டார். பின்னர்ப் பல ஆண்டுகள் அதன் ஓரங்களில் தம் குறிப்புகளைச் சேர்த்துவந்தார். அவர் பெற்ற உயர்கல்வி இஃதொன்றே.

மரக்கடிகாரங்கள்

இருபதாம் வயதில், 1713-இல், அவர் தம் முதற் கடிகாரத்தைச் செய்து முடித்தார். அதன் சக்கரங்கள் பித்தளையால் ஆனவை அல்ல. கருவாலி மரத்தால் ஆனவை. தச்சர் மகனுக்கு மரத்தின் நெறி நன்கு தெரியும். ஆகையால் ஒவ்வொரு பல்லும் மரத்தின் நார் செல்லும் திசையிலேயே அமையுமாறு சக்கரங்களைத் துண்டு துண்டாகப் பொருத்தினார். 1715, 1717 ஆகிய ஆண்டுகளில் அவர் இயற்றியனவும் இதனொடு சேர்ந்து இன்றுவரை எஞ்சியுள்ளன.

சில ஆண்டுகளின் பின் பிராக்கில்ஸ்பி என்னும் மாளிகையில் கோபுரக் கடிகாரம் அமைக்கும் பணி அவரை அடைந்தது. அக்காலத்துக் கடிகாரங்களுக்கு எண்ணெயே பகை. அது குளிரில் இறுகும், வெப்பத்தில் இளகும், நாட்பட்டால் பிசுபிசுத்துச் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். ஹாரிஸன் நல்ல எண்ணெய் தேடி அலையவில்லை. எண்ணெயே வேண்டாத கடிகாரத்தைச் செய்துவிட்டார். லிக்னம் விட்டே என்னும் மரம் இயல்பாகவே தன்னுள் நெய்ப்பசை உடையது. உராயும் இடங்களில் அம்மரத்தை அமைத்தமையால் அக்கடிகாரம் எண்ணெயின்றியே ஓடலாயிற்று.

அடுத்து, தம் இளவல் ஜேம்ஸுடன் கூடி 1725-க்கும் 1728-க்கும் இடையே நுண்கடிகாரங்கள் சிலவற்றை அமைத்தார். அவற்றிலேதான் வெப்பத்தின் பிழையை வென்ற ஊசல் தோன்றியது. நம் ஊர்க் கொல்லர் வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை பூட்டுவதைக் கண்டவர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். பட்டையைத் தீயிலிட்டால் விரிகின்றது. நீர் ஊற்றினால் சுருங்கிச் சக்கரத்தை இறுகப் பற்றுகின்றது. ஊசலின் தண்டும் அவ்வாறே கோடையில் நீளும், குளிரில் குறுகும். நீண்ட ஊசல் மெல்ல ஆடும்; ஆகவே கடிகாரம் பின்தங்கும். எஃகுத் தண்டுடைய ஊசல் வெப்பம் 10 சென்டிகிரேடு உயர்ந்தால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 விநாடி பின்தங்கிவிடும். பித்தளை எஃகினும் மிகுதியாக விரிவதை ஹாரிஸன் பலமுறை அளந்து கண்டார். எஃகுக் கம்பிகளையும் பித்தளைக் கம்பிகளையும் மாறிமாறி நிறுத்தி, எஃகு விரிந்து ஊசலின் குண்டைத் தாழ்த்தும் அளவிற்குப் பித்தளை விரிந்து அதனை உயர்த்துமாறு இணைத்தார். இரு பிழைகளும் ஒன்றையொன்று விழுங்கிவிட, ஊசலின் நீளம் மாறாது நின்றது. இக்கடிகாரங்கள் மாதத்திற்கு ஒரு விநாடிக்கு மேல் பிழைபடவில்லை. அந்நாளைய நல்ல சட்டைப்பைக் கடிகாரமும் நாளொன்றுக்கே ஒரு நிமிஷம் வரை பிழைபட்டதை நினைப்பின், இச்சிற்றூர்த் தச்சர் எய்திய உயரம் புலனாகும்.

கடலில் நேர்ந்த இடர்

அக்காலத்துக் கப்பலோட்டிகள் நடுக்கடலில் தாம் எவ்விடத்து உள்ளோம் என்பதை அறிய இயலாது வருந்தினர். வடக்கு தெற்காகத் தம் நிலையை, அஃதாவது அட்சரேகையை, சூரியனின் உயரத்தைக்கொண்டு அறிந்தனர். கிழக்கு மேற்காகத் தம் நிலையை உணர்த்தும் தீர்க்கரேகையை அறிய நம்பத்தக்க வழி இருந்ததில்லை. 1707-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஸர் கிளவுட்ஸ்லி ஷவல் தலைமையில் நாடு திரும்பிய ஆங்கிலக் கப்பற்படை தன் இருப்பிடத்தைப் பிழைபடக் கணித்து ஸில்லி தீவுகளின் பாறைகளில் மோதிற்று. நான்கு கப்பல்கள் மூழ்கின. 1,400-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

தீர்க்கரேகைக்கும் கடிகாரத்திற்கும் உள்ள தொடர்பை நம் நாட்டு எடுத்துக்காட்டொன்றால் விளக்குவோம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கின்றது. ஒரு பாகைக்கு 4 நிமிஷம் ஆகும். இந்தியப் பொது நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. பழனிமலைத் தொடரின் அடியிலுள்ள பாலசமுத்திரம் ஏறக்குறைய 77½ பாகையில் அமைந்துள்ளது. இடையே உள்ள 5 பாகைக்கு 20 நிமிஷம் வேறுபாடு. ஆகவே நம் கடிகாரம் நண்பகல் 12 மணி காட்டும்போது பாலசமுத்திரத்தில் சூரியன் உச்சியை அடையச் சராசரியாக இன்னும் 20 நிமிஷம் இருக்கும். பருவத்திற்கேற்ப இது கால் மணி நேரம் வரை கூடியும் குறைந்தும் வருவதுண்டு. அவ்வேறுபாட்டை அட்டவணை பார்த்துக் கழித்துக்கொள்ளலாம். இவ்வூரார் ஒருவர் சூரியன் உச்சியடையும் நேரத்தில் தம் கடிகாரத்தை நோக்கி இவ்வேறுபாட்டைக் காண்பராயின், தாம் 82½ பாகைக் கோட்டிற்கு மேற்கே 5 பாகை தொலைவில் நிற்பதை ஊரைவிட்டு அசையாமலே அறிவார்.

கடலிலும் கணக்கு இதுவே. புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைத் தவறாது காட்டும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருந்தாற் போதும். ஆனால் அத்தகைய கடிகாரம் எங்கும் இருந்ததில்லை. ஊசற் கடிகாரம் கப்பலின் ஆட்டத்தில் நிலைகுலைந்தது. சட்டைப்பைக் கடிகாரமோ தன் பிழையாலேயே பயனற்றதாயிற்று. 1714-இல் ஆங்கிலப் பார்லிமெண்ட்டு ஒரு சட்டம் இயற்றியது. இங்கிலாந்திலிருந்து மேற்கிந்தியத் தீவு வரை சென்று, தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் அறிவிக்கும் வழி காண்பவர்க்கு 20,000 பவுன் பரிசு என்று விளம்பரம் செய்தது. அரைப் பாகை என்பது நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய 56 கிலோமீட்டர். திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையே உள்ள தொலைவு எனலாம். ஆறு வாரப் பயணத்தில் அவ்வெல்லைக்குள் நிற்கவேண்டுமாயின், கடிகாரம் நாளொன்றுக்கு 3 விநாடிக்கு மேல் பிழைபடலாகாது. ஐசாக் நியூட்டன் போன்ற பேரறிஞரும் கடிகாரத்தினும் வானத்தின் கணக்கையே பெரிதும் நம்பினர்.

முதல் மூன்று பொறிகள்

ஏறக்குறைய 1730-இல் ஹாரிஸன் தம் வரைபடங்களுடன் இலண்டன் சென்று, அரசவை வான சாஸ்திரியாகிய எட்மண்டு ஹாலியைக் கண்டார். ஹாலி அவரை அந்நாட்டின் முதன்மைக் கடிகாரத் தொழிலறிஞராகிய ஜார்ஜ் கிரஹாமிடம் அனுப்பினார். முன்பின் அறியாத நாட்டுப்புறத் தச்சரின் திறமையைக் கண்ட கிரஹாம், வட்டியும் பத்திரமும் வேண்டாது பணம் கடனாகக் கொடுத்து ஊக்கினார். பிறருடைய ஆற்றலைக் கண்டு அழுக்காறு கொள்ளாத இப்பெரியார் இல்லையேல், ஹாரிஸனின் முயற்சி முளையிலேயே கருகியிருக்கக்கூடும்.

ஐந்து ஆண்டு உழைப்பின் பயனாக 1735-இல் முதற் கடற்கடிகாரம் முடிந்தது. அதன் எடை ஏறக்குறைய 34 கிலோகிராம். ஊசலுக்கு மாறாக, சுருள்விற்களால் இணைக்கப்பட்டு எதிரெதிராக ஆடும் இரு துலாக்கோல்கள் அதில் இருந்தன. கப்பலின் அசைவு ஒன்றை விரைவுபடுத்தினால் மற்றொன்றைத் தாழ்த்தும். ஆதலால் காலம் மாறாது. 1736-இல் அது லிஸ்பனுக்குக் கடற்பயணம் சென்றது. திரும்பும் வழியில் கரை தெரிந்தபோது கப்பலோட்டிகள் அதனை ஸ்டார்ட் என்னும் முனை என்றனர். ஹாரிஸன் அதனை லிஸார்டு முனை என்றார். ஹாரிஸன் கூறியதே உண்மையாயிற்று. கப்பலார் கணக்கு ஏறக்குறைய 60 மைல் பிழைபட்டிருந்தது.

1737-இல் தீர்க்கரேகைச் சபையார் கூடியபோது, ஹாரிஸன் விரும்பியிருப்பின் மேற்கிந்தியச் சோதனையை வேண்டிப் பரிசுக்குப் போட்டியிட்டிருக்கலாம். அவரோ தம் பொறியின் குற்றங்களைத் தாமே எடுத்துக் கூறி, இதனினும் சிறந்ததொன்று செய்யச் சிறுதொகை உதவவேண்டும் என்றார். சபை 500 பவுன் அளிக்க இசைந்து, அதில் பாதியை முன்பணமாகக் கொடுத்தது. இரண்டாவது பொறி இரண்டு ஆண்டில் முடிந்தது. கப்பல் திசை திரும்புகையில் அதன் துலாக்கோல்கள் பிழைபடும் என்பதை அவரே கண்டறிந்து, அதனைக் கடலுக்கே அனுப்பாது ஒதுக்கிவிட்டார்.

மூன்றாவது பொறி 19 ஆண்டுகளை விழுங்கிற்று. பித்தளையும் எஃகும் ஒட்டிய தகடு வெப்பத்தால் வளையும் இயல்பைக்கொண்டு சுருள்வில்லின் வலியைத் திருத்தும் அமைப்பு இதில்தான் முதன்முதல் தோன்றியது. பிற்காலத்தில் வெப்பத்தைச் சீர்செய்யும் கருவிகள் பலவற்றில் இவ்விரட்டைத் தகடு இடம்பெற்றுள்ளது. உராய்வைக் குறைக்கும் உருளைத் தாங்கியும் இதிற் பிறந்ததே. 1749-இல் ராயல் சொஸைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் வழங்கிற்று. ஆயினும் அம்மூன்றாவது பொறி அவர் விரும்பிய நுட்பத்தை எய்தவில்லை. நடுவயதின் பெரும்பகுதி அதனோடு கழிந்துபோயிற்று.

நான்காவது பொறி

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஜான் ஜெஃப்ரீஸ் என்னும் தொழிலாளர் 1753-இல் ஹாரிஸனின் கருத்துப்படி அவருடைய சொந்தப் பயனுக்கெனச் சட்டைப்பைக் கடிகாரம் ஒன்று செய்து தந்தார். அது எதிர்பார்த்ததினும் மிக நன்றாக ஓடிற்று. பெரிய பொறி மெல்ல ஆடுவதால்தான் கப்பலின் அசைவு அதனை வெல்கின்றது என்றும், சிறு சக்கரம் விரைந்து துடிக்குமாயின் அவ்வசைவு அதனைத் தீண்டாது என்றும் ஹாரிஸன் தெளிந்தார். சுழற்சி தளர்ந்த பம்பரம் சிறிது தட்டினாலும் சாய்ந்துவிடும். விரைந்து சுழலும் பம்பரமோ தட்டினாலும் நிமிர்ந்து நிற்கும். அதனை ஒத்ததே இதுவும். பல்லாண்டாகத் தாம் சென்ற வழியை அறுபது வயதில் கைவிட்டுப் புதுவழி தொடங்கும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

1759-இல் நான்காவது பொறி முடிந்தது. அதன் குறுக்களவு ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். எடை ஒன்றரைக் கிலோகிராமிற்குச் சற்றுக் குறைவு. உள்ளங்கையில் வைத்துக்கொள்ளத்தக்க பெரிய சட்டைப்பைக் கடிகாரம்போல் அது தோன்றும். விநாடிக்கு ஐந்து முறை, மணிக்கு 18,000 முறை, அது துடித்தது. உராயும் முனைகளில் வைரம் பதிக்கப்பட்டிருந்தது. முதன்மை வில்லின் வலி முறுக்கத்திற்கேற்ப மாறுமாதலால், 7½ விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு வில்லை முறுக்கி, அதன் சீரான வலியாலேயே பொறியை இயக்கும் அமைப்பும் இருந்தது.

கடற்சோதனைகள்

1761 நவம்பரில் அவர் மகன் வில்லியம் அக்கடிகாரத்துடன் டெப்ட்ஃபோர்டு என்னும் கப்பலில் ஜமைக்காவிற்குப் புறப்பட்டார். தந்தையார்க்கு அப்போது வயது 68. வழியில் மடெய்ரா தீவை அணுகியபோது கப்பலோட்டிகளின் கணக்கும் கடிகாரத்தின் கணக்கும் ஏறக்குறைய ஒன்றரைப் பாகை வேறுபட்டன. செலுத்தும் திசையை மாற்றாதிருப்பின் மறுநாட் காலையில் தீவு தோன்றும் என்று வில்லியம் உரைத்தார். அவ்வாறே தோன்றிற்று. ஜமைக்காவை அடைந்தபின் கணக்கிட்டதில், 81 நாளில் கடிகாரம் இழந்தது ஏறக்குறைய 5 விநாடியே என்பது தெரிந்தது.

சபையார் இதனை உடனே ஏற்கவில்லை. கடிகாரம் நாள்தோறும் எவ்வளவு விலகும் என்பது முன்னரே உறுதிசெய்யப்படவில்லை என்றும், ஜமைக்காவின் தீர்க்கரேகையே ஐயத்திற்கிடமானது என்றும், ஒருமுறை வென்றது தற்செயலாயிருக்கலாம் என்றும் கூறினர். மற்றொரு சோதனை 1764-இல் பார்படோஸ் தீவுக்கு நடைபெற்றது. 47 நாளில் பிழை 39 விநாடி. தூரத்தில் பத்து மைலுக்குட்பட்டது. பரிசுக்கு வேண்டிய அளவினும் மும்மடங்கு நுட்பம் இதில் மெய்ப்பட்டது.

நீதிக்கான போராட்டம்

அப்போது எழுந்த வினா நாம் ஆழ்ந்து சிந்தித்தற்குரியது. ஒரு மனிதர் ஒரே ஒரு கடிகாரம் செய்துவிட்டார். அஃது உலகிற்குப் பயன்படும் வழியாகுமா? அவரன்றிப் பிறர் அதனைச் செய்ய இயலாதாயின், அவர் இறந்தபின் கடலோடிகள் யாது செய்வர்? சபையாரின் இவ்வினா முற்றிலும் அநீதியானது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 1714-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றையெல்லாம் தெளிவாக விதிக்கவில்லை. பந்தயம் ஓடி முடிந்தபின் எல்லைக்கோட்டை நகர்த்தி வைத்ததாகவே முதியவர் கருதினார். 1765-இல் புதிய சட்டம் ஒன்று வந்தது. பொறியின் உள்ளமைப்பை வெளிப்படுத்தினால் பரிசில் பாதி. அதேபோன்ற கடிகாரங்களைச் செய்யலாகும் என்று காட்டினால் மறுபாதி என்பது அதன் விதி. அவ்வாண்டு ஆகஸ்டில் ஹாரிஸன் தம் கடிகாரத்தை அறிஞர் குழுவின்முன் துண்டு துண்டாகப் பிரித்து விளக்கினார். முதற்பாதி கைக்கு வந்தது; கடிகாரங்களோ அவர் கையைவிட்டுப் போயின. முதற்பொறி வீட்டிலிருந்து எடுத்துச்செல்லப்படுகையில் கீழே விழுந்து சேதமும் உற்றது.

நான்காவது பொறி கிரீனிச்சில் பத்து மாதம் சோதிக்கப்பட்டது. சோதித்தவர் நெவில் மாஸ்கலின். இவர் 1765 முதல் அரசவை வான சாஸ்திரி. சந்திரனுக்கும் விண்மீன்களுக்கும் உள்ள தொலைவை அளந்து தீர்க்கரேகை காணும் முறையை வளர்த்தவர். 1767 முதல் வெளிவந்த கப்பலோட்டிகளின் வான்கணக்கு ஏட்டை நிறுவிய கடமைவீரர். அவருடைய அறிக்கை கடிகாரத்திற்குப் பாதகமாக அமைந்தது. தமக்குப் போட்டியான முறையைச் சார்ந்தவரே தம் நடுவராயினர் என்று ஹாரிஸன் மனம் நொந்தார். மாஸ்கலின் வஞ்சகர் என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் போட்டியாளர் ஒருவரை நடுவராக அமர்த்தியமை, தீர்ப்பு எத்துணை நேர்மையானதாயினும் ஐயத்தை விளைத்தே தீரும்.

ஹாரிஸனிடமும் ஒரு குறை இருந்தது. கையால் அற்புதம் செய்த அவர்க்கு எழுதுகோல் வசப்படவில்லை. அவருடைய எழுத்து நீண்ட வாக்கியங்களிற் சிக்கிப் படிப்பவரை மயக்குவது. தம் கருத்தைத் தெளிவாக எழுதும் ஆற்றல் அவர்க்கு இருந்திருப்பின், சபையாரின் ஐயங்களுட் சில எழாமலே போயிருக்கலாம்.

இதற்கிடையே லார்க்கம் கெண்டல் என்னும் தொழிலறிஞர் நான்காவது பொறியின் நேர்ப்படி ஒன்றை 1769-இல் செய்து முடித்தார். அதற்கு 450 பவுன் கூலியும் 50 பவுன் வெகுமதியும் கொடுக்கப்பட்டன. எனவே பிறராலும் செய்ய இயலும் என்பது உறுதியாயிற்று. ஆயினும் சபை மனம் இளகவில்லை. ஹாரிஸனே மேலும் செய்து காட்டவேண்டும் என்றது. எண்பதை அணுகிய அம்முதியவர் ஐந்தாவது கடிகாரத்தையும் செய்தார். 1772-இல் வில்லியம் மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் முறையிட்டார். மன்னர் தம் சொந்த வானோக்ககத்தில் அக்கடிகாரத்தைப் பத்து வாரம் தாமே கண்காணித்துச் சோதித்தார். அது நாளொன்றுக்கு ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் நின்றது. மன்னர் துணைநிற்க, வழக்குப் பார்லிமெண்ட்டுக்குச் சென்றது. 1773 ஜூன் மாதத்தில் அது ஹாரிஸனுக்கு 8,750 பவுன் வழங்கிற்று. அப்போது அவர்க்கு வயது 80. அதுவும் பார்லிமெண்ட்டு அளித்த கொடையே. தீர்க்கரேகைப் பரிசு என்னும் பெயரால் அவர்க்கு அது வழங்கப்படவேயில்லை.

இறுதி நாட்கள்

கெண்டல் செய்த படியைக் காப்டன் குக் தம் இரண்டாம் உலகப் பயணத்தில் உடன்கொண்டு சென்றார். தென் துருவத்தின் பனிக்கடல் முதல் வெப்ப மண்டலத் தீவுகள் வரை மூன்றாண்டு சுற்றி 1775 ஜூலையில் திரும்பிய அவர், அக்கடிகாரத்தைத் தம் நம்பிக்கைக்குரிய வழிகாட்டியெனப் போற்றினார். அச்செய்தி வந்தபோது ஹாரிஸன் உயிருடன் இருந்தார். 1776 மார்ச்சு 24-ஆம் நாள், தாம் பிறந்த அதே தேதியில், தம் 83-ஆம் வயதில் இலண்டனில் காலமானார். ஹாம்ப்ஸ்டெட் கோயில் முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இறப்பதற்கு முந்திய ஆண்டில் வெளியிட்ட நூலில், நூறு நாளில் ஒரு விநாடிக்குள் நிற்கும் ஊசற் கடிகாரம் தம் முறையிற் செய்யக்கூடும் என்று அவர் எழுதியிருந்தார். அக்காலத்தார் அதனைக் கிழவரின் பிதற்றல் என நகைத்தனர். அவர் முறையைப் பின்பற்றி நம் காலத்தில் அமைக்கப்பட்ட கடிகாரம் ஒன்று 2015-இல் கிரீனிச்சில் நூறு நாள் சோதிக்கப்பட்டது. அதன் பிழை எட்டில் ஐந்து பங்கு விநாடி. நகைத்தவர்க்கு விடை 240 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. கேட்பாரற்றுத் துருவேறிக் கிடந்த அவருடைய கடற்பொறிகளையும் ரூப்பர்ட் கூல்டு என்னும் கடற்படை அதிகாரி 1920 முதல் பல்லாண்டு தளராது உழைத்துப் பழுதுநீக்கினார். அவை இன்றும் கிரீனிச்சில் காட்சிக்கு உள்ளன.

அவர் வழி வந்தவை

ஹாரிஸனின் கருத்து நம் மலையுச்சி வரை வந்தடைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் மதராஸில் வானோக்ககம் அமைத்தபோது, அங்கு நேரம் காட்டியது ஜான் ஷெல்டன் என்பார் செய்த ஊசற் கடிகாரம். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காண ராயல் சொஸைட்டி அனுப்பிய குழுவினர் எடுத்துச் சென்ற ஷெல்டன் கடிகாரங்களில், பித்தளையும் எஃகும் மாறிமாறி நிற்கும் ஹாரிஸனின் கம்பியணி ஊசலே அமைந்திருந்தது. மதராஸிலிருந்த ஷெல்டன் கடிகாரம் பிற்காலத்தில் கோடைக்கானல் சூரிய ஆராய்ச்சிக்கூடத்திற்குக் கொண்டுவரப்பட்டு அங்கே பேணப்படுகின்றது. பாலசமுத்திரத்தினின்று தெற்கே நிமிர்ந்து நோக்கினால் தோன்றும் மலைத்தொடரின் மேல் உள்ளது அக்கூடம்.

விரைந்து துடிப்பதே நிலையானது என்னும் கருத்து இதனினும் வெகுதூரம் சென்றது. குவார்ட்ஸ் கல்லை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதைக் கியூரி சகோதரர் 1880-இல் கண்டனர். மின்சாரம் செலுத்தினால் அக்கல் துடிக்கும் என்பது பின்னர்த் தெளிந்தது. 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிஸனும் அவர் துணைவரும் அத்துடிப்பைக்கொண்டு கடிகாரம் அமைத்தனர். 1969 டிசம்பர் 25-ஆம் நாள் ஜப்பானின் ஸெய்க்கோ நிறுவனத்தார் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இன்று வழக்கிலுள்ள குவார்ட்ஸ் கடிகாரத்தில் கல் விநாடிக்கு 32,768 முறை துடிக்கின்றது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று எஞ்சும். அவ்வொன்றே விநாடிமுள்ளை ஒருமுறை நகர்த்துகின்றது. ஹாரிஸனின் கடிகாரம் ஐந்து முறை துடித்த நேரத்தில் இது முப்பதினாயிரத்தைக் கடக்கின்றது. 2019-இல் ஸிட்டிஸன் நிறுவனத்தார் வெளியிட்ட பொறியில் கல் விநாடிக்கு 83 இலட்சத்திற்கு மேற்பட்ட முறை துடிப்பதோடு, வெப்பத்தை அவ்வப்போது அளந்து பிழையைத் தானே திருத்திக்கொள்ளவும் செய்கின்றது. ஓராண்டில் அதன் பிழை ஒரு விநாடிக்குட்பட்டது. விரைவு, வெப்ப ஈடு என்ற ஹாரிஸனின் இரு கருத்துகளும் இங்கே ஒன்றாய் நிற்கின்றன.

சுருள்வில் பொறியும் அழிந்துபடவில்லை. ஆங்கிலக் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் அமைத்த புதுவகை விடுபொறியை 1999-இல் ஒமேகா நிறுவனத்தார் மேற்கொண்டனர். அதில் உராய்வு குறைவு. ஆகவே எண்ணெயின் தொல்லையும் குறைவு. அவ்வாண்டிலேயே ஸெய்க்கோ, வில்லின் வலியால் இயங்கிக் குவார்ட்ஸால் கட்டுப்படும் கலப்புப் பொறியை வெளியிட்டது. இந்நூற்றாண்டின் தொடக்கமுதல் சிலிக்கனால் ஆன விற்களும் சக்கரங்களும் வழக்கிற்கு வந்துள்ளன. அவை காந்தத்திற்கு அஞ்சா. எண்ணெயையும் அரிதாகவே வேண்டும். லிக்னம் விட்டே மரத்தை நாடிச்சென்ற தச்சர் இவற்றைக் காண்பாராயின், தம் உறவினரைக் கண்டாற்போல் மகிழ்வார்.

தமிழ்நாட்டிலும் இத்தொழில் வேரூன்றியது. டாட்டா நிறுவனத்தாரும் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமும் 1984-இல் கூடித் தொடங்கிய டைட்டன் தொழிற்சாலை ஓசூரில் எழுந்தது. 2002-இல் அந்நிறுவனம் வெளியிட்ட எட்ஜ் என்னும் கைக்கடிகாரத்தின் மொத்தத் தடிப்பு 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் குவார்ட்ஸ் பொறியின் தடிப்பு 1.15 மில்லிமீட்டரே. 34 கிலோகிராமில் தொடங்கிய முயற்சி இவ்வளவில் வந்து நிற்கின்றது. ஒருவர் செய்ததைப் பிறரும் செய்ய இயலுமா என்று தீர்க்கரேகைச் சபையார் எழுப்பிய வினாவிற்கு, ஓசூர்ப் பட்டறைகளில் இலட்சக்கணக்காய் உருவாகும் கடிகாரங்களைவிடச் சிறந்த விடை வேறில்லை.

2006-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் ஹாரிஸனுக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது. அதிலுள்ள தீர்க்கரேகைக் கோடு இருவகை உலோகத்தால் ஆனது. மாணவ நண்பர்களே! அக்கோட்டில் அவருடைய வாழ்க்கை முழுவதும் அடங்கியுள்ளது. நூலறிவு ஓர் உலோகம். கைத்திறன் மற்றோர் உலோகம். தனித்து நிற்பின் இரண்டும் தத்தம் வழியே வளைந்து பிழைபடும்; இணைந்து நிற்பின் ஒன்றன் குறையை மற்றொன்று திருத்தும். நம் ஊர்த் தச்சர் பட்டறையிலும் கொல்லர் உலைக்களத்திலும் நூல் கிட்டாத இளைஞர் பலர் இன்றும் இருத்தல் கூடும். அவர்க்கு ஒரு நூலை இரவல் தருதற்கு நாம் முன்வரவேண்டும். அவர் செய்து கொணர்வதைப் பிறப்பும் பட்டமும் நோக்காது மதித்தற்கும் கற்றுக்கொள்ளவேண்டும். கல்லூரிக் கல்வி நமக்கு அளித்த கடன்களுள் இதுவும் ஒன்று.